செம்பு, புள்ளி மூன்று ஒன்று

என் சம்பந்தியை எனக்குப் பிடிக்காது. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. அவருக்கும் என்னைக் கண்டால் ஆகாது. எங்கள் இருவருக்கும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் அதுதான்.

இரண்டு பேருக்கும் வேலை ஒரே பவுண்டரியில். நீராவிக் குழாய்களுக்கு வால்வு வார்க்கிற இடம். அவர் உலை மேஸ்திரி. பழைய இரும்பையும் மற்ற உலோகங்களையும் அளவாகப் போட்டு உருக்குவது அவர் பொறுப்பு. உருக்கி ஊற்றியதில் ஒரு துண்டை மெஷினில் வைத்து மின்பொறி கொடுத்து, அது விடுகிற வெளிச்சத்தை வைத்து எது எவ்வளவு இருக்கிறது என்று பார்த்து, சரி அல்லது தள்ளுபடி என்று எழுதுவது என் பொறுப்பு. இருபத்திரண்டு வருடமாக இதே ஆய்வுக்கூடம், இதே நாற்காலி. புள்ளிக்குப் பிறகு மூன்று இலக்கம் வரை விடாமல் பிடித்துத் தொங்குவதால் உலைப் பக்கத்தில் எனக்குத் ‘தசமம்’ என்று பெயர். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். சம்பந்தி காதில் விழும்படியே சொல்வார்.

அவர் மகனும் என் மகளும் எங்களைக் கேட்டுக்கொண்டு காதலிக்கவில்லை. அவர் மகன் அப்பனுக்குக் கீழே உலையில் வேலை பார்க்கிறான். ஊற்றுகிற உலோகத்தில் மாதிரி எடுத்து என்னிடம் கொண்டுவருவது அவன் வேலை. (நேரில் ‘வாங்க மாப்ள, போங்க மாப்ள’தான். மனதுக்குள் ‘அவன்’தான்.) என் மகள் அடுத்த கட்டிடத்தில், சரக்கு அனுப்பும் பிரிவில் எழுத்தர். சான்றிதழ் வாங்க தினமும் என்னிடம் வருவாள். இரண்டும் என் வாசலிலேயே பார்த்துப் பேசிச் சிரித்துக் கல்யாணம் வரைக்கும் போயிருக்கின்றன. இரும்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு கந்தகம் இருந்தால் கண்டுபிடித்துவிடுகிற எனக்கு, மூக்குக்கு முன்னால் நடந்தது தெரியவில்லை.

இந்த வருடம் சம்பந்தியின் இரண்டு ஹீட்டைத் தள்ளியிருந்தேன். ஒரு தடவை உலையில் உருக்கி ஊற்றுகிற மொத்தத்தையும் நாங்கள் ஹீட் என்போம். ஒன்றில் கந்தகம் அதிகம். இன்னொன்றில் குரோமியம் குறைவு. இரண்டு தடவையும் பதிவேட்டில் ‘தள்ளுபடி’ என்று எழுதி, கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன். முதலாளி இரண்டாவது தடவை எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: வருடம் முடிவதற்குள் மூன்றாவது போனால் மேஸ்திரி உலையை விட்டு இறங்கிப் பழைய இரும்பு பிரிக்கிற களத்துக்குப் போகவேண்டியதுதான். முப்பது வருடம் உலை பார்த்த மனிதருக்கு அது செருப்பால் அடித்த மாதிரி.

அன்றைக்கே சண்டைக்கு வந்தார். பின்னாலேயே வேடிக்கை பார்க்க நாலு பேர்.

“ஏங்க சம்பந்தியம்மா, ஒரு பொறி தட்டுறீங்க, ஒரு வெளிச்சம் வருது. அத வச்சு என் முப்பது வருஷத்தை எடை போடுறீங்களா?”

“வெளிச்சம் பொறியோடது இல்லைங்க. அணுவோடது.”

“அணுவை நீங்க பார்த்திருக்கீங்களா?”

“நீங்க உலைக்குள்ள கைய விட்டா சூடு பார்க்கிறீங்க? நிறத்தைப் பார்த்துத்தானே சொல்றீங்க? நானும் அதைத்தான் பண்றேன். அணுவுக்கு நடுவுல கரு. கருவுக்குள்ள புரோட்டானும் நியூட்ரானும். எத்தனை புரோட்டான்கிறதுதான் அது யாருன்னு முடிவு பண்ணுது. இருபத்தாறு இருந்தா இரும்பு. இருபத்துநாலுன்னா குரோமியம். இருபத்தொன்பதுன்னா செம்பு. நியூட்ரான் ஒண்ணு ரெண்டு கூடினா கனம் மாறும், ஆள் மாறாது. சுத்தி எலக்ட்ரான், எத்தனை புரோட்டானோ அத்தனை, அடுக்கடுக்கா. பொறி பட்டா வெளி அடுக்கு எலக்ட்ரான் மேல தாவும். தாவினது இறங்கித்தானே ஆகணும்? இறங்கும்போது வெளிச்சத்தை விடும். இரும்போட வெளிச்சம் செம்புக்கு வராது, செம்போடது இரும்புக்கு வராது. எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு சரக்கு. கெஞ்சினாலும் மாறாது, மிரட்டினாலும் மாறாது.”

“சரி, அந்தக் கருவுக்கும் எலக்ட்ரானுக்கும் நடுவுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல. அணு கிட்டத்தட்ட முழுசும் காலிதான்.”

“கேட்டுக்கிட்டீங்களாப்பா?” என்று திரும்பினார். “காலி இடத்தைப் பார்த்துட்டுத்தான் அம்மா என் ஹீட்டைத் தள்ளியிருக்காங்க.”

நாலு பேரும் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“காலியா இருக்கிறது அணு மட்டும் இல்லைங்க,” என்று அவர் தலையைப் பார்த்துச் சொன்னேன். சிரிப்பு இன்னும் பலமாக வந்தது. அவர் மட்டும் சிரிக்காமல் வெளியே போனார்.

நான் வாயைக் கொடுத்ததற்கு என் மகள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். மறுநாள் சான்றிதழ் வாங்க வந்தபோது அழுது அழுது கண் வீங்கியிருந்தது. அவளுக்கு ஏழாம் மாதம்.

“இன்னொரு தடவை உங்கம்மா தள்ளினா பெட்டியைக் கட்டிக்கிட்டு அங்கயே போயிடுன்னு மாமா சொல்லிட்டாரும்மா.”

“உன் புருஷன் என்ன சொன்னார்? வாயில கொழுக்கட்டையா?”

“அவர் அப்பா முன்னாடி என்னைக்கு வாயைத் திறந்தார்?” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நீ கொஞ்சம் பார்த்துப் போடக்கூடாதா?”

“வால்வு வெடிச்சா பக்கத்துல நிக்கிறவன் வெந்து போவான்டி. அவனையும் ஒருத்தி பெத்திருப்பா. பார்த்துப் போடுன்னு இன்னொரு தடவை சொன்னே, பல்லைத் தட்டிடுவேன்.”

சான்றிதழ்களை வழக்கம்போல மூன்றாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு என்னிடம் வேலைப் பேச்சு மட்டும்தான். எனக்கு வருத்தமாக இருந்தது. இறங்கிப்போய்ப் பேசவும் மனம் வரவில்லை.

ஒரு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை காலை பெரிய ஹீட். நூற்றுக்கு எட்டிலிருந்து பத்து குரோமியம் இருக்க வேண்டிய எஃகு. உலைக்குள் இருக்கும்வரை குறைந்ததைச் சேர்க்கலாம். அச்சில் ஊற்றிய பிறகு பிரம்மாவே வந்தாலும் ஒன்றும் செய்ய முடியாது. மூன்று வாரமாகச் சம்பந்தி யாரையும் நம்பாமல் தானே களத்தில் உட்கார்ந்து பழைய இரும்பைத் துண்டு துண்டாகப் பொறுக்குவதாகக் கேள்விப்பட்டேன். பொறுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு மாப்பிள்ளை இடுக்கியில் மாதிரியைக் கொண்டுவந்தான். நாங்கள் பட்டன் என்று சொல்வோம். நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய, கனமான வட்டம். சூடாக இருந்தது. மற்ற நாட்களில் தட்டில் போட்டுவிட்டு ஓடிவிடுவான். அன்று போகாமல் நின்றான்.

ஒரு பக்கத்தைக் கிரைண்டரில் தேய்த்துப் பளபளப்பாக்கி, மெஷினில் வைத்துப் பொறி கொடுத்தேன். தாள் வந்தது. கரி சரி. கந்தகம் சரி. குரோமியம் 8.94.

அப்பாடா என்றிருந்தது. மகள் பெட்டி கட்ட வேண்டாம். நானும் கெட்டவள் ஆக வேண்டாம். பேனாவை எடுத்து ‘ச’ என்று எழுதிவிட்டேன். அடுத்த எழுத்துக்கு முன்னால் கண் கடைசி வரிக்குப் போய்த் தொலைத்தது.

செம்பு, 0.31.

அரை சதவீதம் வரை அனுமதி உண்டு. வேறு யாராவது என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். ஆனால் எங்கள் உலையில் செம்பு 0.1 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. நாற்பது நாளைக்கு முன்னால் ஒரே ஒரு தடவை தாண்டியது. கழிவில் ஒரு மோட்டார் சுருள் கலந்துபோய் உள்ளே விழுந்துவிட்டது. செம்பு உருகிக் கலந்துவிட்டால் எரிந்தும் போகாது, கசடோடும் வராது. பதிவேட்டைப் புரட்டினேன். அந்த ஹீட்: செம்பு 0.31, குரோமியம் 8.95.

பட்டனைத் திருப்பிப் பார்த்தேன். புதுப் பட்டனைவிட மெல்லிசாக இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை தேய்த்த பட்டன்.

“மாப்ள, இது எந்த ஹீட்?”

“இப்ப ஊத்தினதுதான் அத்தை.”

“செம்பு எங்கிருந்து வந்துச்சு?”

“ஸ்கிராப்புல… ஏதாவது…” பேயறைந்த மாதிரி நின்றான்.

சோதித்த ஒவ்வொரு பட்டனையும் எண் எழுதிய காகிதத்தில் சுற்றி ஒரு வருடம் அலமாரியில் பூட்டி வைப்போம். சாவி என் கழுத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. கழுத்தில் அரிக்கிறது என்று பேனாக் குவளைக்குள் போட்டு வைத்திருப்பேன். திறந்து பார்த்தேன். அந்த எண் இருந்த இடத்தில் காகிதம் மட்டும் இருந்தது. மூன்றாக, ஓரம் பிசகாமல் மடித்து வைத்திருந்தது.

சாவி இருக்கும் இடம் எனக்கு அடுத்தபடியாக ஒருத்திக்குத்தான் தெரியும். போனை எடுத்து, “உடனே வாடி,” என்றேன்.

இடுப்பில் கை வைத்துக்கொண்டு மகள் வந்தாள். என் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். நான் கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு சம்பந்தி வந்தார்.

“என்னங்க, இன்னும் தசமம் எண்ணி முடியலையா?”

“உங்க புள்ள கொண்டு வந்தது உங்க ஹீட் இல்லைங்க. என் அலமாரியிலிருந்து திருடின பழைய பட்டன். உலை மூடி மேல வச்சுச் சூடு பண்ணி எடுத்துட்டு வந்திருக்காரு.”

“யாரைப் பார்த்துத் திருடன்ங்கிறீங்க? நாக்கை அடக்கிப் பேசுங்க! என் மேல இருக்கிற வயித்தெரிச்சலை எம் புள்ள மேல காட்டாதீங்க!”

“கத்தாதீங்க. அவரையே கேளுங்க.”

அவர் மகனைப் பார்த்தார். மகன் தரையைப் பார்த்தான். பெற்றவனுக்கு அது போதும். ஓங்கிய கை பாதியில் நின்றது.

“ஏண்டா? என் ஹீட் கெட்டுப்போச்சுன்னு எவன்டா சொன்னான்?”

“யாரும் சொல்லலப்பா.”

“அப்புறம்?”

“பயமா இருந்துச்சுப்பா. மூணாவதும் போயிடுமோன்னு…”

“நான்தான் மாமா எடுத்துக் குடுத்தேன்,” என்றாள் மகள். “அவரைத் திட்டாதீங்க. நிஜ மாதிரியைக் கொண்டு வந்தா அம்மா எப்படியும் தள்ளிடுவாங்க.”

“எப்படியும்னா?” என்றேன் நான்.

“எப்படியும்தான். ஏதாவது ஒரு புள்ளியைப் பிடிச்சுப்பே. உனக்குத்தான் மாமாவைக் கண்டா ஆகாதே.” அழவில்லை, நேராகப் பார்த்துச் சொன்னாள். “போன தடவை கோடு போட்டப்ப நான் இங்கதான் நின்னேன். உன் முகத்தைப் பார்த்தேம்மா.”

நான் தள்ளிய இரண்டு ஹீட்டின் எண்களும் பொய்யில்லை. எந்த மெஷினில் வைத்தாலும் அதே எண்தான் வரும். ஆனால் அந்தச் சிவப்புக் கோட்டைப் போடும்போது என் கை சந்தோஷப்பட்டது நிஜம். ஒரு கோடு போதும் என்கிற இடத்தில் இரண்டு போட்டேன். அதை நான் பெற்றதே பார்த்துவிட்டு, இருபத்திரண்டு வருடத்தையும் சேர்த்துச் சந்தேகப்பட்டுவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது.

“அச்சுக்குப் போற வாய்க்கால்ல உறைஞ்சது இருக்கும்,” என்று சம்பந்தியிடம் சொன்னேன். “அதுல ஒரு துண்டு வெட்டுங்க. நானும் கூட வர்றேன்.”

“வாங்க. கண்ணை நல்லாத் திறந்து வச்சுக்கிட்டு வாங்க,” என்றார்.

இருவரும் உலைக்கூடத்துக்குப் போனோம். அவரே துண்டை வெட்டினார், தண்ணீரில் ஆற்றினார், இடுக்கியை யாரிடமும் கொடுக்காமல் ஆய்வுக்கூடம் வரை தூக்கி வந்தார். நான் தேய்த்தேன். ஒரு இடத்தில் போதும். நான் மூன்று இடத்தில் பொறி கொடுத்தேன். ஒவ்வொரு பொறிக்கும் மகளின் கை வயிற்றுக்குப் போனது. தப்பாக வந்தால் தள்ளித்தான் ஆக வேண்டும் என்று எனக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும். கடவுளே, வந்துவிடக் கூடாது என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக வேண்டிக்கொண்டேன்.

தாள் வந்தது. குரோமியம் 9.12. கந்தகம் 0.008. செம்பு 0.09. இந்த வருடத்திலேயே இவ்வளவு சுத்தமான ஹீட் எங்கள் பவுண்டரியில் ஊற்றியதில்லை.

தாளை அவரிடம் நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தார். துள்ளிக் குதிப்பார், என்னைப் பார்த்து ஏதாவது குத்தலாகச் சொல்வார் என்று காத்திருந்தேன். மனிதர் முகம் சுருங்கிப்போனது.

“மூணு வாரம் ஒவ்வொரு துண்டா பொறுக்கினேன்டா,” என்றார் மகனிடம். “நீயும் பக்கத்துலதானே இருந்தே.”

மாப்பிள்ளை அழுதுவிட்டான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “அத்தை, அதான் ஹீட் நல்லா இருக்கே,” என்றான். “அந்த முதல் தாளை மட்டும் கிழிச்சுட்டா…”

மகள் என்னைப் பார்த்தாள். மாதிரியை மாற்றினால் வேலை போகும் என்று வாசலிலேயே கொட்டை எழுத்தில் ஒட்டியிருக்கிறது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. தாளைக் கிழித்தால் நாலு பேருக்குள் முடிந்துவிடும். ஆனால் நாளைக்கு வருகிற பட்டன் எந்த ஹீட்டினுடையது என்று நானே நம்ப முடியாது.

பதிவேட்டில் ‘ச’ என்று நின்றிருந்ததை அடித்துவிட்டு எழுதினேன்: ‘முதலில் வந்த மாதிரி இந்த ஹீட்டினுடையது அல்ல. அலமாரியிலிருந்த பழைய மாதிரி. சாவியைப் பத்திரமாக வைக்காதது என் தவறு. இரண்டாவது மாதிரி நேரில் எடுக்கப்பட்டது. ஹீட் சரி.’ கீழே கையெழுத்துப் போட்டேன்.

சம்பந்தி என் தோளுக்குப் பின்னாலிருந்து படித்தார்.

“எம் புள்ள பேர் எங்க?”

“எனக்குத் தெரிஞ்சது என் சாவி. அதை எழுதியிருக்கேன்.”

“புள்ளிக்குப் பின்னாடி மூணு இலக்கம் எழுதுற ஆளு, முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறீங்களா?”

“உங்க வீட்டுக்காகத்தாங்க—”

“நீங்க எனக்குப் பிச்சை போட வேணாம்.”

என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கினார். உலையில் காய்த்துப்போன விரலால் மெதுவாக, பெரிய பெரிய எழுத்தாக, தன் மகன் பெயரை எழுதினார். மாப்பிள்ளை தடுக்கவில்லை. எழுதி முடித்துப் பேனாவை என் பக்கம் தள்ளினார்.

“இன்னொண்ணு பாக்கி இருக்கு,” என்றார்.

அந்த மனிதர்மேல் அந்த நிமிடம் வந்த கோபம் எனக்கு ஜென்மத்துக்கும் போதும். ஆனாலும் எழுதினேன். நான் வைத்த பெயர். அவள் பிறந்த அன்றைக்கு மருத்துவமனைப் படிவத்தில் எழுதியதற்கு அப்புறம் அதை இவ்வளவு நிதானமாக எழுதியதில்லை. இந்தத் தடவை என் கை சந்தோஷப்படவில்லை.

மாலையில் பதிவேடு முதலாளி மேசைக்குப் போகும். அதற்குமேல் என்ன ஆகும் என்று நாலு பேருக்கும் தெரியும். மகள் எழுந்து நின்றாள். வீட்டுக்குப் போவதா, எந்த வீட்டுக்கு என்று தெரியாத நிலை. சம்பந்தி அவளைப் பார்த்து எரிந்து விழுந்தார்.

“என்ன நிக்கிறே? சாயங்காலம் நேரா நம்ம வீட்டுக்கு வந்து சேரு. பெட்டி கிட்டின்னு எதையாவது தூக்கினே, பார்த்துக்க.” மகனைக் கையால் வெளியே தள்ளிக்கொண்டு வாசல் வரை போனவர் என் பக்கம் திரும்பினார். “அடுத்த ஹீட் மூணு மணிக்கு. பட்டனை நானே கொண்டு வருவேன். ஒரு புள்ளி குறைஞ்சாலும் தள்ளுங்க.”

“தள்ளுவேன்.”

“தெரியும்,” என்றார். “கோடு மட்டும் ஒண்ணோட நிறுத்திக்கோங்க.”

அவர் போன பிறகு சிவப்புப் பேனாவை அலமாரியில் போட்டுப் பூட்டினேன். சாவியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அரித்தது.